சிவக்காத தோலும் புண்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மார்பகப் புற்றுநோய் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் இந்நோயால் அதிகம் இறப்பதற்கு மரபணுதான் காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் வட கரோலினாவில் இருக்கிறேன். கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகிறவர்களைக் காரில் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் விடுகிறேன். சம்பளம் கிடையாது, பெட்ரோலும் என் செலவு.

அப்படி வந்தவர்களில் ஒரு கறுப்பின அம்மா. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் போக வேண்டும். அங்கே படுத்திருப்பது என்னவோ கால் மணி நேரம்தான். அதற்கு இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார். இரண்டு நாள் பஸ்ஸை விட்டுவிட்டார். நான் முதல் தடவை கூட்டிப்போனபோது வரவேற்பில் இருந்த பெண், "இவங்க அடிக்கடி வரமாட்டாங்க" என்றாள். இரண்டு நாள் எப்போது அடிக்கடி ஆனது?

நான்காவது வாரம், சீட் பெல்ட்டுக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொண்டார். என்னவென்று கேட்டேன். சட்டைக் கழுத்தை விலக்கிக் காட்டினார். தோல் கன்னங்கரேலென்று கருகி, அக்குள் பக்கம் உரிந்திருந்தது. நர்ஸிடம் சொன்னாராம். "சிவக்கவே இல்லையே, நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டாராம். கறுத்த தோல் வெள்ளைத் தோல் மாதிரி சிவந்து காட்டாது. இன்னும் கறுக்கும், அப்புறம் உரியும். நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் நானும் கூடவே உள்ளே போய் டாக்டரைப் பார்த்த பிறகுதான் களிம்பு கிடைத்தது.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ட்ரிப்பிள் நெகட்டிவ் என்கிற முரட்டு வகை கறுப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. ஆனால் மொத்தத்தில் மார்பகப் புற்றுநோய் வெள்ளையரை விட அவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வருகிறது. இறப்பு விகிதம் மட்டும் சுமார் 40 சதவீதம் அதிகம். நுரையீரல் புற்றுநோயிலும் ஒரு கணக்கு உண்டு. 1999-ல் வந்த பெரிய ஆய்வு அது. ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட முதியவர்களில் 100 வெள்ளையருக்கு 77 பேர் அறுவை சிகிச்சை பெற்றிருக்கிறார்கள், கறுப்பினத்தவரில் 64 பேர்தான். அறுவை செய்துகொண்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிழைத்திருக்கிறார்கள். மரபணு ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடுமா என்ன?

எங்கள் மாநிலத்து கிரீன்ஸ்பரோவிலும் பென்சில்வேனியா மாநிலத்து பிட்ஸ்பர்க்கிலும் ஒரு முயற்சி செய்தார்கள். ஆரம்ப நிலை மார்பக, நுரையீரல் நோயாளி ஒருவர் ஒரு நாள் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் உடனே எச்சரிக்கும். அதற்கென்றே இருக்கும் நர்ஸ் போன் போட்டு என்ன சங்கடம் என்று விசாரிப்பார். 2019-ல் முடிவு வெளியானது. இந்த முயற்சிக்கு முன் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்கள் கறுப்பினத்தவரில் 80 சதவீதம், வெள்ளையரில் 87. முயற்சிக்குப் பின் 88-ம் 89-ம் சொச்சமும். வெள்ளையருக்கும் ஏறித்தான் இருக்கிறது, கவனியுங்கள்.

காப்பீடு வேறு கதை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் எங்கள் மாநிலத்தில் விரிவாக்கப்பட்டதே 2023 டிசம்பரில்தான்.

அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். கூடவே, கறுத்த தோலில் கதிர்வீச்சுப் புண் எப்படி இருக்கும் என்று ஒரு படமும் போட முடிந்தால் நல்லது. உங்கள் வாசகிகளில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தத் தோல்தானே.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட கரோலினா, அமெரிக்கா