பேனல் ஒட்டுவது மட்டும் இல்லையடா

முரளி,

பதில் போடத் தாமதம்தான், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாக சேகர் சொன்னான். சந்தோஷம்.

அடுக்குமாடி பிளான் போட்டு அலுத்துவிட்டது, அகூஸ்டிக்ஸ் பக்கம், அதாவது கட்டடத்துக்குள் ஒலியைச் சீர்செய்கிற வேலைக்குப் போகிறேன் என்கிறாய். தாராளமாகப் போ. ஆனால் "பேனல் ஒட்டுகிற வேலைதானே" என்று எழுதியிருக்கிறாயே, விவரம் தெரியாதவன் பேசுகிற பேச்சு அது!

அறைக்குள் எதிரொலியை அடக்குவது ஒரு வேலை, பக்கத்து அறைக்குச் சத்தம் போகாமல் தடுப்பது வேறு வேலை. பேனலில் இருக்கிற ஃபோமும் பஞ்சும் முதலாவதுக்குத்தான். தடுக்க எடை வேண்டும், இடுக்கும் இருக்கக் கூடாது. 2.1 × 0.9 மீட்டர் கதவுக்கு அடியில் 1 செ.மீ. இடைவெளி இருந்தால் பரப்பில் அது அரை சதவீதம்கூட இல்லை. ஆனாலும் 40 டெசிபல் தடுக்கிற கதவு 23க்கு இறங்கிவிடும். சுவருக்குப் பணத்தைக் கொட்டுகிற ஆள் கதவடி ரப்பருக்குத்தான் கணக்குப் பார்ப்பார்.

எதிரொலி அடங்க எத்தனை விநாடி என்பதற்கு, இயற்பியலாளர் சபைன் போட்ட கணக்கு: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (பரப்பு × உறிஞ்சல் எண்) வகு. மனுஷன் 1895இல் ஹார்வர்டில் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஸ்டாப்வாட்ச் பிடித்து ஆரம்பித்த வேலை இது. 10 × 8 × 4 மீட்டர் காலி வகுப்பறையை எடுத்துக்கொள். பூச்சுச் சுவர், டைல்ஸ் எல்லாம் சேர்த்து 304 சதுர மீட்டர், உறிஞ்சல் எண் 0.03, அதாவது விழுகிற ஒலியில் 3 சதவீதத்தைத்தான் விழுங்கும். பெருக்கினால் மொத்த உறிஞ்சல் 9தான் தேறும். சத்தம் அடங்க ஐந்தரை விநாடிக்கும் மேல்! பாடம் புரிய 0.8 விநாடி போதும், அதற்கு உறிஞ்சல் 64 வேண்டும். 50 மி.மீ. ராக்வுல் பஞ்சுக்கு (கல்லை உருக்கி இழைத்தது) உறிஞ்சல் எண் 0.8 போட்டால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது சீலிங்கில் பெரும்பகுதி.

பஞ்சின் அந்த உறிஞ்சல் எண் 0.8 நடு சுருதிக்குத்தான். 125 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 2.7 மீட்டர், 25 மி.மீ. ஃபோமை அது சட்டையே செய்யாது. மேல் சுருதியை மட்டும் ஃபோம் விழுங்குவதால், பேச்சில் 'ச'வும் 'ஸ'வும் மங்கிப்போய், மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தருகிற பக்கம்) மட்டும் குமுறிக்கொண்டிருக்கும். பஞ்சைச் சுவரோடு ஒட்டாமல் 50 முதல் 100 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்து, கீழ்ச் சுருதியும் ஓரளவு அடங்கும். மேலே போர்த்துகிற துணியை வாயில் வைத்து ஊதிப் பார், மறுபக்கம் காற்று வரணும். ரெக்சின் போட்டால் போச்சு.

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே: தீத்தடுப்புச் சான்று இல்லாத ஃபோமைத் தொடாதே. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், ஸ்டேஷன் என்ற இரவு விடுதி மேடையைச் சுற்றி ஒட்டிய ஃபோமில் வாணப்பொறி பட்டு 100 பேர் செத்தார்கள்.

வேலையை இப்போதே விடாதே. ஒலியை அளக்கிற மைக் ஒன்று வாங்கு. அறையின் ஒலியை அளந்து காட்டுகிற ரூம் ஈக்யூ விசர்ட் மென்பொருள் இலவசம்தான். உன் ஆபீஸ் மீட்டிங் அறையை அளந்து ஃபைலை அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். பேனல் விற்கிறவனிடம் கமிஷன் மட்டும் வாங்காதே, அப்புறம் "இங்கே பேனல் வேண்டாம்" என்று ரிப்போர்ட்டில் எழுதக் கை வராது. சேகரைப் பார்த்தால் என் டி-ஸ்கொயரை (பிளான் வரைகிற அளவுகோல்) கேள்.

அன்புடன்,
பாலு