தெரியாது என்றாவது சொல்லுங்கள்

வரலாற்றுப் பேராசிரியர்களுக்கும், ஆய்வாளர்களுக்கும், ஆவணக் காப்பகங்களின் சாவியை வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் துறையைச் சேர்ந்தவன் இல்லை. உரை என்றால் போய் உட்கார்ந்து கேட்பவன். முடிந்ததும் கை தூக்குபவன். சில வருடங்களுக்கு முன் சிந்துவெளி பற்றிய ஓர் உரை முடிந்ததும் எழுந்து ஒன்று கேட்டேன். மொகஞ்சதாரோ என்பது பின்னால் வந்தவர்கள் சொன்ன பெயர்தானே, சிந்தி மொழியில் இறந்தவர்களின் மேடு என்று பொருளாமே, அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் ஊரை என்னவென்று கூப்பிட்டார்கள்? பேசியவர் புன்னகைத்தார். "நல்ல கேள்வி" என்றார். அப்புறம் பின்வரிசையில் கை தூக்கியிருந்தவரிடம் மைக் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து நானே தேட ஆரம்பித்தேன். பதில் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏன் கிடைக்கவில்லை என்பது தெரிந்தது. அது பதிலைவிடச் சுவையாக இருந்தது. எழுத்துப் பொறித்த பொருட்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் சராசரியாக ஐந்து குறியீடுகள்தான். எகிப்திய எழுத்துக்கு 1799இல் ரொசெட்டா கல் கிடைத்தது. ஒரே செய்தி மூன்று எழுத்துகளில், அதில் ஒன்று படிக்கத் தெரிந்த கிரேக்கம். அப்படியும் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் பூட்டைத் திறக்க 1822 ஆனது. சிந்துவெளிக்கு அப்படி ஒரு கல் இன்னும் அகப்படவில்லை.

ஆனால் அயலார் அவர்களை அழைத்த பெயர் இருக்கிறது. மெசொப்பொத்தேமிய, அதாவது பண்டைய ஈராக்கின், களிமண் பலகைகளில் வரும் மெலுக்கா என்ற நாடு சிந்துவெளிதான் என்று உங்களில் பெரும்பாலோர் கருதுகிறீர்கள். மெலுக்காவின் கப்பல்கள் தன் நகரத் துறையில் கட்டி நிற்பதாக அக்காது அரசன் சர்கோன் பெருமை அடித்துக்கொண்டான். லூவர் அருங்காட்சியகத்தில் ஓர் உருளை முத்திரை உண்டு. அதன் சொந்தக்காரர் பெயர் ஷு-இலிஷு, தொழில் மெலுக்கா மொழிபெயர்ப்பாளர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த மொழி தெரிந்து, அதைக் கொண்டே பிழைத்த ஒரு மனிதர்! இதை அன்று மேடையில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். "தெரியாது, ஆனால்" என்று தொடங்கியிருந்தால் அரங்கமே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அந்த "ஆனால்" மட்டும்தான்.

பதில் இல்லாத கேள்விகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஓரமாக வைத்துவிடுகிறீர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை ஒரே சாதியல்ல. ஆதித்த கரிகாலன் கொலையையே எடுத்துக்கொள்ளுங்கள். உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று குற்றவாளிகளின் பெயரையே சொல்கிறது. அப்படியானால் ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள், இராசராசன் ஆட்சிக்கு வரும்வரை நடவடிக்கை இல்லாமல் போனது எப்படி என்று எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கல்வெட்டு சொல்லாது. மூடி மறைப்பதற்காக அல்ல. அது துரோகிகள் தரப்பின் நிலம் கைமாறிய கணக்கு. பத்திரத்திடம் போய்க் கொலைக்கான நோக்கத்தை விசாரித்தால் அது என்ன செய்யும்? அதை வெட்டச் சொன்னவர்களின் கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது. நம்முடைய கேள்வி அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

இது ஒரு வகை மௌனம். இதில் யார் மேலும் குற்றமில்லை. காத்தின் படுகொலையின் மௌனம் வேறு. 1940இல் சோவியத் இரகசியப் போலீசார் போலந்து அதிகாரிகளையும் கைதிகளையும் சுட்டுக் கொன்றார்கள். 1943இல் புதைகுழிகளைக் கண்டவர்கள் நாஜிகள். அவர்கள் சொன்னதாலேயே பலருக்குச் சந்தேகம் வந்தது. நாஜிகள்தான் கொன்றார்கள் என்று மாஸ்கோ திருப்பிச் சொன்னது. போலந்தில் அதைப் பற்றி உரக்கக் கேட்பதே ஆபத்தாக இருந்தது. இத்தனைக்கும் பதில் ஓர் உறைக்குள் பத்திரமாக இருந்தது. 1959இல் சோவியத் உளவுத்துறைத் தலைவர் ஷெலெபின் நாட்டின் தலைவர் குருஷேவுக்கு எழுதிய குறிப்பில் கொல்லப்பட்டோர் 21,857 பேர் என்று கடைசி ஆள் வரை எண்ணிக்கை தந்திருக்கிறார். கூடவே, அவர்களின் கோப்புகளை அழித்துவிடலாம் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். மாஸ்கோ ஒப்புக்கொண்டது 1990 ஏப்ரலில். அந்தக் காகிதங்கள் வெளியே வந்தது 1992இல். ஒரு விதவை முப்பது வயதில் கேட்டிருந்தால் எண்பது வயதில் பதில் வந்திருக்கும், உயிரோடு இருந்திருந்தால்.

காத்தினுக்கும் மொகஞ்சதாரோவுக்கும் ஒரே "விடை தெரியாத மர்மம்" என்ற பெயர்ப்பலகை மாட்டுவது நியாயமா? ஒன்று மண்ணுக்குள் இருந்தது, மற்றது இழுப்பறைக்குள் இருந்தது. காப்பகங்களில் இருப்பவர்களே, உங்கள் இழுப்பறைகளில் எவை மூடியிருக்கின்றன, எந்த ஆண்டு வரை, யார் உத்தரவால் என்ற பட்டியலையாவது வெளியிடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை இன்றே கேட்கவில்லை. பூட்டு இருக்கிறது என்று தெரிந்தால்கூட, அது பூட்டுதான், புதிர் அல்ல என்று நாங்கள் புரிந்துகொள்வோம்.

மூன்றாவது வகைதான் என்னை மிகவும் உறுத்துவது. பதில் வந்தும் காது கொடுக்காதது. 1845இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சர் ஜான் ஃபிராங்க்ளின் எரெபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு ஆர்க்டிக் கடலுக்குள் போனார். அவரையும் சேர்த்துக் காணாமல் போனவர்கள் 129 பேர். என்ன ஆனார்கள் என்று இங்கிலாந்தே தவித்தது. தேடுதல் பயணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. 1854இல் ஜான் ரே என்ற மருத்துவர் அங்கே வாழும் இனுயிட் மக்களிடம் பேசினார். வெள்ளைக்காரர்கள் படகை இழுத்துக்கொண்டு தெற்கே நடந்ததையும், பட்டினியால் செத்ததையும், கடைசியில் செத்தவர்களின் உடலைத் தின்றதையும் அவர்கள் சொன்னார்கள். அவர் அதை அப்படியே அறிக்கையாக எழுதினார். அவ்வளவுதான், ஊர் அவர் மேல் பாய்ந்தது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், நாகரிகமற்றவர்களின் பேச்சை நம்பி நம் வீரர்களை இழிவுபடுத்தலாமா என்ற தொனியில் எழுதினார். கேள்வி கேள்வியாகவே வைக்கப்பட்டது.

1990களில் அந்த ஆர்க்டிக் பகுதியின் கிங் வில்லியம் தீவில் கிடைத்த அவர்களின் எலும்புகளை ஆராய்ந்தபோது கத்தி பட்ட வெட்டுத் தடங்கள் இருந்தன. 2014இல் எரெபஸ் கிடைத்தது, இனுயிட் மக்களின் வாய்மொழிக் கதைகள் சுட்டிய பக்கத்தில். 2016இல் டெரர் கிடைத்தது, தேடலில் சேர்ந்த ஓர் இனுயிட் மனிதர் முன்பு பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கம்பத்தைப் பார்த்ததாகச் சொன்ன விரிகுடாவில். சரி, அப்படியானால் 160 வருடமாக அந்தக் கேள்விக்கு விடை இல்லையா, இல்லை விடை சொன்னவர்களுக்கு மதிப்பு இல்லையா? எத்தனை பாடப்புத்தகங்களில் "இது பற்றிய தகவல் இல்லை" என்ற வரிக்கு "நாங்கள் கேட்க நினைத்த ஆட்களிடம் தகவல் இல்லை" என்று பொருள் இருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வருவது இங்கேதான்.

பதில் அதிகமாகிப் போனதாலும் சில கேள்விகள் நிற்கின்றன. ரோமப் பேரரசு ஏன் விழுந்தது என்பதற்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களை அலெக்சாண்டர் டெமாண்ட் என்ற ஜெர்மானிய வரலாற்றாசிரியர் 1984இல் தொகுத்தார். மொத்தம் 210. அந்தக் கூட்டத்தில் சரியான விடை ஒளிந்திருந்தாலும் கண்டுபிடிப்பது யார்?

கேட்பவர்கள் பக்கமும் தப்பு உண்டு, மறுக்கவில்லை. "உலகத்திலேயே முதலில் நம்மவர்தானே?" என்று கேட்கிறோம். அது கேள்வி அல்ல, கைதட்டலுக்கான விண்ணப்பம். அதற்கு நீங்கள் சிரித்துவிட்டு நகர்ந்தால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். சுலபமான கேள்வி என்றால் அரங்கத்தில் பத்து பேர் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்கள். கொஞ்சம் கடினமானது என்றால், விஷயம் தெரிந்த நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மற்றவர் சொல்லட்டும் என்ற மரியாதை ஒரு பங்கு, தப்பாகச் சொன்னால் சக ஆய்வாளர் பிடித்துக்கொள்வார் என்ற பயம் மூன்று பங்கு. அந்த இடைவெளியில் எதுவும் தெரியாத ஒருவர் எழுந்து முழு நம்பிக்கையோடு ஒரு கதை சொல்லிவிடுகிறார். மறுநாள் ஊரெல்லாம் அந்தக் கதைதான்.

உங்களிடம் இருப்பது பாதிப் பதிலாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதவே படவில்லை, எழுதியது எரிந்துவிட்டது, இருக்கிறது ஆனால் படிக்கத் தெரியவில்லை, படிக்கலாம் ஆனால் பூட்டியிருக்கிறது, சொன்னார்கள் ஆனால் நாங்கள் நம்பவில்லை. இவற்றில் எது என்று சொன்னால் போதும். கடைசி ஒன்றைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும், தெரியும்.

அடுத்த மாதம் இன்னொரு உரை இருக்கிறது. தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் கயிற்றில் போட்ட முடிச்சுகளைப் பற்றி. அவற்றில் பல எண்கள் என்று நூறு வருடங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். எண்ணாகப் படிக்க முடியாத மற்ற முடிச்சுகள் என்ன சொல்கின்றன, அவை கதையா, பெயரா? மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருப்பேன். மைக்கை உடனே பின்வரிசைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கை தூக்கியபடி இருப்பவன்