அந்த 72 டிகிரி எந்த அறையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் கட்டுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் தொடரை என் மகனும் நானும் படித்து வருகிறோம். அவன் விளையாடுகிறவன், நான் கரண்ட் பில் கட்டுகிறவன். போன வாரம் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்வது, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல லிக்விட் கூலர் ஒன்றைப் போட்டுவிட்டால் முழு லோடிலும் 72 டிகிரியைத் தாண்டாது என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த 72 டிகிரியை எந்த அறையில் அளந்தார்கள்?

நான் பெரம்பூரில் ஏசி, ஃப்ரிட்ஜ் சர்வீஸ் செய்பவன். கம்ப்யூட்டர் என் தொழில் இல்லை. ஆனால் ஓர் இடத்துச் சூட்டை எடுத்து இன்னோர் இடத்தில் கொண்டுபோய்த் தள்ளுவதுதான் என் பிழைப்பு. ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் கூலருக்கும் அதே வேலைதான். ஏசியில் கம்ப்ரசர் இருக்கிறது, இதில் இல்லை. அதனால் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக அதனால் எதையும் ஆக்க முடியாது. ஃபின் என்கிற உலோகத் தகடுகளும் ஃபேனும் மட்டும் உள்ள கூலராக இருக்கட்டும், குழாயில் தண்ணீர் ஓடி ரேடியேட்டருக்குப் போகிற கூலராக இருக்கட்டும், சூடு கடைசியில் வந்து இறங்குவது அறைக் காற்றில்தான். ப்ராசஸருக்கும் அறைக்கும் நடுவே எத்தனை டிகிரி இடைவெளி என்பதை மட்டும்தான் கூலர் தீர்மானிக்கிறது. லிக்விட் என்றதும் ஐஸ் தண்ணீர் ஓடுவதாகப் பையன்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விற்பவர்களும் திருத்துவதில்லை.

வெளிநாட்டில் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். 22 டிகிரி அறையில் ப்ராசஸர் 72 காட்டினால் இடைவெளி 50. சரி, அதே கம்ப்யூட்டரை மே மாதத்தில் பெரம்பூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறைக்குக் கொண்டு வாருங்கள். பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். பையன்கள் விளையாட உட்காருவதும் அந்த நேரத்தில்தான். அறை 36 டிகிரி என்றால் ப்ராசஸர் 86. இது ஓவர்கிளாக் எதுவும் செய்யாமலே.

இனி ஓவர்கிளாக். ப்ராசஸர் இழுக்கும் வாட்டும் அதனால் வரும் சூடும் வேகத்தோடு நேராக ஏறும்; வோல்ட்டேஜோடு அதன் வர்க்கத்துக்கு ஏறும், வோல்ட்டேஜ் இரண்டு மடங்கானால் இவை நாலு மடங்கு. வேகத்தைக் கூட்டினால் நிலையாக ஓடுவதற்கு வோல்ட்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும், வம்பே அங்கேதான். 1.2 வோல்ட்டில் ஓடுவதை 1.35 ஆக்கி, வேகத்தை 10 சதவீதம் ஏற்றினால், சூடு 10 சதவீதம் ஏறாது. ஏறக்குறைய 39 சதவீதம் ஏறும். 50 டிகிரி இடைவெளி 70 பக்கம் போய்விடும். 36-உம் 70-உம் 106. இன்டெலின் பல டெஸ்க்டாப் ப்ராசஸர்களுக்கு 100 டிகிரி எல்லை, ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்குப் பொதுவாக 95. எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓவர்கிளாக் செய்து ஏற்றிய வேகத்தை அதுவே இறக்கிவிடும். மிச்சம் ஃபேன் சத்தமும் கரண்ட் பில்லும்.

ஓவர்கிளாக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1998-இல் வந்த செலரான் 300ஏ ப்ராசஸரை, மதர்போர்டோடு அது பேசும் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கி 450-இல் ஓட்டினார்கள். கூடுதல் காசில்லாமல் ஒன்றரை மடங்கு வேகம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? இன்று நிலைமை வேறு. வேகத்தில் முன்பு விட்டு வைத்திருந்த இடத்தையெல்லாம் கம்பெனிகளே பிழிந்து எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் போடுகின்றன. கோர் ஐ9-13900கே ப்ராசஸரின் அடிப்படை அளவு 125 வாட், தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ளும் டர்போவில் 253 வாட் வரை போகும். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் சில நிலையில்லாமல் போன விவகாரம் 2024-இல் பெரிதாகப் பேசப்பட்டது. தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் போனதைக் காரணமாகச் சொல்லி, அந்த கம்பெனியே மைக்ரோகோட் எனப்படும் ப்ராசஸரின் உள் நிரலுக்குத் திருத்தம் கொடுத்து, வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. செய்தவர்களுக்கே வோல்ட்டேஜ் இப்படி விளையாட்டுக் காட்டுகிறது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு பையன் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் பக்கம்) போய் வோல்ட்டேஜ் எண்ணை ஏற்றும்போது, ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு வாரண்டி கிடையாது என்பதையாவது கொட்டை எழுத்தில் போட்டிருக்கலாம்.

தண்ணீரையே குளிர வைத்து அனுப்பினால் என்ன என்று மகனின் நண்பன் ஒருவன் என்னிடம் கேட்டான். பழைய வாட்டர் கூலர் ஒன்று என் கடையில் கிடப்பதைப் பார்த்த தைரியம். நல்ல கேள்விதான், ஆனால் இது சென்னை. ஏசியின் செப்புக் குழாயில் இன்சுலேஷன் கிழிந்த இடத்தில் நீர் கோத்துச் சொட்டுவதை நான் தினமும் பார்க்கிறேன். இங்கே காற்றில் ஈரம் அதிகம். பல மாதங்களில் 25 டிகிரிக்குக் கீழே எது இருந்தாலும் வியர்த்துவிடும். 15 டிகிரித் தண்ணீரைக் குழாயில் விட்டால் அந்த வியர்வை மதர்போர்டில்தான் சொட்டும். லிக்விட் ஹீலியம் ஊற்றி 9 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அது ரெக்கார்டுக்காகக் கொஞ்ச நேரம் நடக்கும் வித்தை. ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேம் ஆட முடியாது.

அறையில் ஏசி இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். கூடுதலாக 100 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். தினம் 4 மணி நேரம், 60 நாளைக்கு 24 யூனிட். அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசிக்கு இன்னொரு ஏழெட்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் வீட்டு மின்கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், கோடைக் காலத்தில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் வீடுகளுக்கு இந்த 32 யூனிட் சின்ன விஷயம் இல்லை.

உங்கள் கட்டுரை தொடவே தொடாத விஷயம் ஒன்று உண்டு. கேபினெட்டை எங்கே வைப்பது? நம் வீடுகளில் கம்ப்யூட்டர் டேபிள் என்று ஒன்று வாங்குவோம். அதில் கேபினெட்டுக்கென்று மூன்று பக்கமும் பலகை அடித்த ஒரு பொந்து. பின்னால் சுவர். கேபினெட்டின் முன்பக்கம் முழுக் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும்? பால்கனியில் அவுட்டோர் யூனிட்டை வைத்துவிட்டுச் சுற்றித் தார்ப்பாய் கட்டும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதே கதைதான் இது. வெளியே தள்ளிய அனலையே திரும்ப இழுத்துக்கொண்டு, கூலிங் இல்லை, கேஸ் குறைந்திருக்கும் என்று எனக்குப் போன் செய்வார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பொந்தின் பின்பலகையைக் கழற்றி, டேபிளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டோம். அதற்கே ஏழெட்டு டிகிரி இறங்கியது. செலவு ஒரு ஸ்க்ரூ டிரைவர். அப்புறம் தூசு. முன்பக்க வலையில் அப்பிய தூசியைப் புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும். திருவான்மியூர், எண்ணூர் என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று வேறு. அங்கே ஏசியின் அலுமினிய ஃபின் பொடிப்பொடியாக உதிர்வதைக் கண்ணால் பார்த்தவன் நான். கம்ப்யூட்டரை மட்டும் உப்பு விட்டுவைக்குமா?

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. ஏற்றாமல் இறக்குவது. என் மகனிடம் இருப்பது ரைசன் 7 7700எக்ஸ். பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும் 142 வாட் வரை இழுக்க அதற்கு அனுமதி உண்டு. பயாஸில் எக்கோ மோடு என்று இருக்கிறது. 65 வாட்டைத் தேர்ந்தெடுத்தால் 88 வாட்டோடு நின்றுவிடும். அவன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் ஆடும் கேம்களில் எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு, மூன்று நாலு குறைந்ததோ என்னவோ, அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. பெரும்பாலான கேம்களில் வேகம் முட்டி நிற்பது படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டில்தான், ப்ராசஸரில் இல்லை. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்றால் எஃப்பிஎஸ்ஸுக்கு அங்கேயே பூட்டுப் போடலாம். அதற்கு மேல் வரைந்து தள்ளினாலும் அந்தத் திரை காட்டப்போவதில்லை. இந்த வழிகள் உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியாவது வந்திருந்தால், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோர் கூலர் விலையைக் கேட்டு மலைக்க வேண்டியிருக்காது.

ஓவர்கிளாக் செய்தே தீருவேன் என்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். அதில் நாலு விஷயம் கற்றுக்கொள்வார்கள். ஆனால் நிலையாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டை மே மாதத்தில், ஏசி போடாத அறையில் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லுங்கள். மார்கழியில் விடிய விடிய நிலையாக ஓடிய செட்டிங், சித்திரையில் பாதியில் நின்று நீலத் திரை காட்டும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ப்ராசஸரின் வெப்பநிலையை எங்கே அச்சிட்டாலும், பக்கத்திலேயே அறையின் வெப்பநிலையையும் போடுங்கள். அந்த இரண்டாவது எண் இருந்தால் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்குத் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அடுத்த வாரம் கிராபிக்ஸ் கார்டு பற்றி என்று அறிவித்திருக்கிறீர்கள். கேமிங் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் ப்ராசஸரைவிட அதிக வாட் இழுப்பது அதுதான். அந்தச் சூட்டையும் கேபினெட்டுக்குள்ளேயே விடுவதால் ப்ராசஸர் கூலருக்குக் கிடைக்கும் காற்று அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும். அந்தக் கட்டுரையிலிருந்தே இதைத் தொடங்கலாமே.

இப்படிக்கு,
ஓர் ஏசி மெக்கானிக்,
பெரம்பூர், சென்னை.