மாடியில் புகையிலை வளரும், பாடம் போடுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் மாடித்தோட்டப் பகுதியில், வீட்டிலேயே புகையிலை வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தொட்டியில் விதை போடுங்கள், நாலு மாதத்தில் இலை பறியுங்கள், நிழலில் உலர்த்துங்கள், ரசாயனம் கலக்காத சுத்தமான புகையிலை கிடைத்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். நான் வேடசந்தூர்ப் பக்கத்தில் புகையிலை வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்து, இன்னொரு புகையிலை வெள்ளாமைக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். எங்கள் காட்டில் இப்போது முருங்கை நிற்கிறது. ஆனாலும் அந்த வேலை கைக்கு மறக்கவில்லை. கட்டுரையை எழுதியவர் விடியற்காலையில் ஒரு புகையிலைக் காட்டுக்குள் நடந்து பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

செடி வளர்ப்பைப் பற்றி அவர் சொன்னதில் பெரிய குறை இல்லை. புகையிலை விதை கடுகைவிடப் பல மடங்கு பொடிசு. ஒரு கிராமில் 10,000 விதைக்கு மேல் இருக்கும். அதை மணலில் கலந்து மேலாகத் தூவ வேண்டும், மண்ணைப் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குடத்தைக் கவிழ்த்தால் விதை முழுக்க ஒரு மூலைக்குப் போய்விடும். ஈரம் தேங்கினால் நாற்று ஒரே ராத்திரியில் கழுத்தழுகிச் சாயும். நாங்கள் ஆவணியில் நாற்று விட்டு, ஐப்பசியில் நட்டு, தை மாசி வாக்கில் வெட்டுவோம். செடிக்குச் செடி இரண்டரை அடி விடுவோம். தொட்டியில் வைக்கிறவர்கள் ஒரு தொட்டிக்கு ஒரு செடி என்று வைத்துக்கொண்டால் போதும். நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும்.

அவர் விட்டுவிட்டது கொழுந்து கிள்ளுவதை. பூ மொட்டு வைக்கும் சமயத்தில் தலையைக் கிள்ளி, எட்டுப் பத்து இலையோடு செடியை நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால்தான் இலை கனக்கும், காரம் ஏறும். கிள்ளிய நாலைந்து நாளில் ஒவ்வொரு இலைக்கணுவிலும் சிம்பு, அதாவது பக்கத்தளிர், வெடிக்கும். அதை ஒடிக்க ஒடிக்க மறுபடியும் வரும். இந்த வேலையெல்லாம் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் பெண்களுடையது. கையில் ஒட்டும் பிசின் கறுத்துப் போய், சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. அந்தக் கையால் பிசைந்த சோறு கசக்கும். சீசன் முடியும்வரை கரண்டியால் சாப்பிட்ட ஒரே கிராமத்துப் பெண்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

தண்ணீர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் உப்புத்தண்ணீர்தான். மெல்லும் புகையிலைக்கு அது தோது. பாடம் போட்ட, அதாவது பதப்படுத்திய, இலையில் வெள்ளையாக உப்புப் பூத்து நின்றால் வியாபாரி தடவிப் பார்த்துவிட்டு விலையைக் கூட்டுவார். அதே தண்ணீரைச் சிகரெட் புகையிலைக்குப் பாய்ச்சினால் கெட்டது. உப்பிலுள்ள குளோரைடு ஏறிய இலையில் நெருப்பு நிற்காது. மாடியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் விடுகிறவருக்கு எது வாய்க்கும் என்று அந்தக் கட்டுரையில் ஒரு வரியும் இல்லை. எந்த ரக விதை என்றும் இல்லை. வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாக்யலட்சுமி, மீனாட்சி, அபிராமி என்று மெல்லும் ரகங்கள் அங்கிருந்துதான் எங்களுக்கு வந்தன. சிகரெட்டுக்கான வர்ஜீனியா ரகம் வேறு. அதை வெள்ளாமை செய்கிறவர்கள் 1975-ம் வருடச் சட்டப்படி புகையிலை வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். விதை வாங்கச் சொல்கிறவர் இதையும் சொல்ல வேண்டாமா?

சரி, இலைக்கு வருகிறேன். 'நிழலில் உலர்த்துங்கள்' என்ற இரண்டு வார்த்தையில் அந்தக் கட்டுரை தாண்டிப் போனதுதான் முழுத் தொழிலும். பச்சை இலையின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதை வெறுமனே காயவைத்தால் கிடைப்பது சருகு, புகையிலை அல்ல. இலை செடியைவிட்டுப் பிரிந்ததும் செத்துப்போவதில்லை. சில நாள் உயிரோடு கிடந்து, தனக்குள் இருக்கும் மாவுச்சத்தைத் தானே கரைத்து, பச்சை போய் மஞ்சளாகி, அப்புறம் பழுக்க வேண்டும். சென்னை வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் போட்டால் மத்தியானத்துக்குள் பச்சை நிறத்திலேயே மொறமொறவென்று நின்றுவிடும். அந்தப் பச்சை அதற்கப்புறம் எதைச் செய்தாலும் போகாது. புல் வாடை அடிக்கும், தொண்டையை அறுக்கும். சரி, மெதுவாகக் காயட்டும் என்று காற்றில்லாத அறையில் நெருக்கிக் கட்டினால் நடு நரம்பில் பூஞ்சணம் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவில் இலையைக் கொண்டுபோவதுதான் பாடம் போடுவது.

எங்கள் முறையில் செடியை அடியோடு வெட்டி, ஒரு ராத்திரி காட்டிலேயே வாடப் போடுவோம். பிறகு மூங்கில் கழிகளில் தலைகீழாகத் தொங்கவிடுவோம், ஏறக்குறைய மூன்று வாரம். பகல் வெயில் உலர்த்தும், ராத்திரிப் பனி கொஞ்சம் இளக்கும். காய்ந்ததை இறக்குவதற்கு விடியலில்தான் போக வேண்டும். அந்த நேரத்தில் இலை தோல் மாதிரி மடங்கும். வெயில் ஏறிய பிறகு தொட்டால் கையில் தூளாகும். அடுத்து அம்பாரம் போடுவது. இறக்கிய செடிகளை அடுக்கி மூடிவைத்தால் அம்பாரம் உள்ளே தானாகச் சூடேறும். என் மாமனார் முழங்கைவரை உள்ளே விட்டுப் பார்ப்பார். சூடு பொறுக்காமல் கையை இழுத்தால் அன்றே பிரித்து, உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்துத் திரும்ப அடுக்குவோம். பிரிக்கும்போது கிளம்பும் அமோனியா நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஒருநாள் சோம்பல்பட்டால் நடு அடுக்கு கறுத்து அழுகிவிடும். இப்படிப் பிரித்து அடுக்கிப் பிரித்து அடுக்கி ஒரு மாதம் போல ஓடும். அதன் பிறகு இலையை உரித்து, தரம் பிரித்து, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து, சிப்பம் கட்டுவது.

பத்துத் தொட்டி வைத்தவருக்கு அம்பாரமே சேராது என்பதையும் சொல்ல வேண்டும். நூறு இலையை அடுக்கினால் எங்கே சூடேறப் போகிறது? வேதாரண்யத்தில் குழியில் இட்டுப் பாடம் போடுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கமும் யாழ்ப்பாணத்திலும் புகை மூட்டுகிறார்கள். ஆந்திராவிலும் கர்நாடகத்து ஹுன்சூரிலும் வர்ஜீனியா இலையைச் சூளைக்கொட்டகையில் கட்டி, 35 டிகிரி வாக்கில் மஞ்சளாக்கி, கடைசியில் காம்பு காய்வதற்கு 70 டிகிரி வரை ஏற்றுகிறார்கள். இதில் ஒன்றுகூட மொட்டைமாடிக் கொடியில் நடக்காது.

என் சின்ன வயதில் இந்தக் களத்துக்கு எக்சைஸ்காரர் வந்து, எத்தனை செடி, எவ்வளவு இலை என்று நோட்டுப் போடுவார். பாடம் போடுகிற இலைக்குச் சர்க்கார் வரி 1943-ல் வந்தது, 1979-ல் எடுத்துவிட்டார்கள். அவர் வருகிற நாளில் எங்கள் வீட்டில் கோழி அடிப்பார்கள். அது தனிக் கதை.

நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. 'பிள்ளைகளையும் இலை பறிக்க விடுங்கள், இயற்கையோடு பழகட்டும்' என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. ஐயா, பச்சைப் புகையிலையில் இருக்கும் நிக்கோட்டின் தோல் வழியாக உடம்புக்குள் போகும். இலை நனைந்திருந்தால் இன்னும் சுலபமாகப் போகும். பனி காயும் முன்னாலும், மழை பெய்த மறுநாளும் காட்டில் இறங்கினவர்களுக்குத் தலை சுற்றும், வாயில் எச்சில் ஊறும், குடலே வெளியில் வருகிற மாதிரி வாந்தி எடுக்கும். வழக்கமாகப் புகையிலை போடாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிப்பு அதிகம். லீவுக்கு வந்த என் நாத்தனார் மகன் ஒருவன், சிம்பு ஒடிக்கிறேன் என்று ஈரக் காட்டுக்குள் விளையாட்டாக இறங்கி, பத்து மணிக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாயங்காலம்வரை தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. பச்சை இலைக்கு எங்கள் வழக்கம், பனி முழுக்கக் காய்ந்த பிறகுதான் கை வைப்பது, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வது. இதைச் சொல்லாமல் பிள்ளைகளைப் பறிக்க விடச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அடுத்தது, 'ரசாயனம் இல்லாததால் கெடுதல் இல்லை' என்பது. புற்றுநோயை உண்டாக்கும் நைட்ரோசமைன்களில் பெரும்பகுதி இலை பாடமாகும்போதும் புளிக்கும்போதும் இலைக்குள்ளேயே உண்டாகிறது. பூச்சிமருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அது உண்டாகும். என் மாமியார் ஆயுசில் கடைப் புகையிலை வாங்கியதில்லை. எங்கள் களத்தில் பாடம் போட்டதில் முதல் தர இலையை அவருக்கென்று எடுத்து வைப்போம். கன்னத்தில் வந்த புண் ஆறவே இல்லை, மதுரைக்குக் கொண்டுபோனபோது நாள் கடந்துவிட்டது. வீட்டுப் புகையிலை சுத்தம் என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

மாடித்தோட்டக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. புகையிலை, தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் ஒரே குடும்பம். புகையிலையில் தேமல் நோய் வந்தால் அதைத் தொட்ட கையாலேயே தக்காளிக்கும் போகும். பீடி சிகரெட் பிடித்த கையைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தக்காளி நாற்றைத் தொட வேண்டும். வெட்டுப்புழு எது கிடைத்தாலும் தின்னும். பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் அடிக்கிறவர்கள், அது தேனீயையும் கொல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பூக்கிற செடிகளில் அடிக்காமல் இருக்க வேண்டும். கஷாயத்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

புகையிலைச் செடியை யாரும் வீட்டில் வைக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பூ அழகாக இருக்கும், சாயங்காலத்தில் அந்திப்பூச்சிகள் வரும். கொழுந்து கிள்ளாமல் ஒரு செடியைப் பூக்க விட்டுப் பாருங்கள், ஆசை தீரும். வாயில் போடவும் பற்றவைக்கவும் என்று வளர்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஆவணி நெருங்குகிறது. கட்டுரையைப் படித்தவர்களில் சிலர் இந்நேரம் விதைக்கு ஆர்டர் கொடுத்திருப்பார்கள். அதனால் இலை பறிப்பதில் உள்ள ஆபத்தையும், பிள்ளைகளைப் பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தத்தையும் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில், அடுத்த ஞாயிறே வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் கடிதத்தை முழுதாகப் போட இடம் இல்லையென்றால் பாடம் போடுகிற பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். நனைந்த இலையைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வேடசந்தூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி