டிராக் பிரேக் என்று விற்றீர்கள்; பில்லில் இருப்பது ஒன்று, வண்டியில் இருந்தது வேறு

அனுப்புநர்:
2002 மாடல் ஹோண்டா சிட்டி விடெக் உரிமையாளர்,
குரோம்பேட்டை, சென்னை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் பெர்ஃபார்மன்ஸ் உதிரிபாக விற்பனை நிறுவனம், சென்னை.

பொருள்: டிராக் டே பிரேக் பேக்கேஜில் தவறான பொருட்கள் பொருத்தியது, பணத்தைத் திருப்பித் தருவதும், இதே பேக்கேஜ் வாங்கிய மற்றவர்களை உடனே எச்சரிப்பதும் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் டேக்காக, உங்கள் நிறுவனத்தில் ‘டிராக் டே பிரேக் பேக்கேஜ்’ என்ற பெயரில் 42,000 ரூபாய் கொடுத்து என் காருக்கு வேலை செய்துகொண்டேன். முன் சக்கரங்களுக்கு உயர்வெப்ப பிரேக் பேடு, டாட் 5.1 (கொதிநிலையைச் சொல்லும் தரக் குறியீடு) பிரேக் ஆயில், நாலு சக்கரத்துக்கும் ஆயில் போகும் ஸ்டீல் பின்னல் ஹோஸ், பேடை பெட்-இன் செய்து (டிஸ்க்கோடு பழக்கி) தருவது, எல்லாம் சேர்த்துச் சொன்ன விலை அது. மூன்று வாரம் கழித்து இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நேர் பாதை முடியும் இடத்தில் பிரேக்கை மிதித்தபோது பெடல் அப்படியே உள்ளே போய்விட்டது. வண்டி புல்லில் இறங்கி டயர் அடுக்கில் முகம் இடித்து நின்றது. எனக்குக் காயமில்லை. முன் பம்பர், ரேடியேட்டர், அதன் சட்டம் எல்லாம் போயின.

அதற்குப் பிறகு உங்கள் கடைக்கு நேரில் வந்தேன், தொலைபேசியிலும் பேசினேன். சரியான பதில் வராததால் எழுத்தில் தருகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘இருபது வருஷத்துக்கு மேலான வண்டி சார், ஏதாவது ஆகத்தான் செய்யும்’ என்று உங்கள் சர்வீஸ் அட்வைசர் சொன்னார். இது என் அப்பா புதிதாக வாங்கிய வண்டி. அவர் சோழவரம் விமானத்தளத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர். 106 குதிரைசக்தி, கியரை இழுத்துப் பிடித்தால் பாடும் எஞ்சின், எடையும் குறைவு. அந்தக் காலத்தில் நம் ஊரில் சம்பளக்காரர் ஒருவர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இதுதான். 15 வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி ஆர்.சி. புதுப்பித்து வைத்திருக்கிறேன். புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கி புஷ், மவுண்ட் எல்லாம் மாற்றியிருக்கிறேன். எஞ்சினை நான் தொடவே இல்லை. டிராக்கில் ஓட்ட நினைக்கிறவர்கள் முதலில் எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் என்று போவார்கள். நான் பிரேக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைத்துத்தான் உங்களிடம் வந்தேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று கம்பெனி கொடுத்த அமைப்பு ஊருக்குள் ஓட்டத் தாராளமாகப் போதும், டிராக்கில் போதாது என்று உங்கள் ஆளே எனக்கு விளக்கினார். அதில் தவறில்லை, சரியாகத்தான் சொன்னார்.

அந்த டிராக் 3.7 கிலோமீட்டர் நீளம். 1,100 கிலோ வண்டி மணிக்கு 150 கிலோமீட்டரில் வந்து 60-க்குக் குறைய வேண்டுமென்றால் சுமார் 8 லட்சம் ஜூல் ஆற்றலை எங்காவது கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். கொட்டும் இடம் பெரும்பாலும் முன் டிஸ்க்குகள்தான். ஒரு முறை என்றால் பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றிலும் இது திரும்பத் திரும்ப நடக்கும். அந்தச் சூடு பேடு வழியாக, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பருக்குப் போகும், அங்கிருந்து ஆயிலுக்குப் போகும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் பெடல் உள்ளே போகிறது.

இதையெல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர நான் யார்? ஆனால் உங்கள் கடை மேலாளர் விபத்துக்குப் பிறகு வண்டியைக் கடை வாசலில் ஒரு சுற்று நகர்த்திப் பார்த்துவிட்டு, ‘பெடல் நன்றாக இருக்கிறது, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை’ என்று சொன்னதால்தான் எழுத வேண்டியிருக்கிறது. கொதித்த ஆயில் ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், பெடலும் மேலே வந்துவிடும். வண்டி வந்தது விபத்து நடந்து நாலு நாள் கழித்து, டோ வண்டியில். ஆறிப்போன பெடலை மிதித்துப் பார்த்துவிட்டுக் குறை இல்லை என்று முடிவு செய்வது எந்த வகைச் சோதனை?

அன்று இரண்டு விஷயம் அடுத்தடுத்து நடந்தது. முதலில் பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தது, வண்டி மட்டும் பிடிக்கவில்லை. அது பேடு சூட்டில் பிடிமானத்தை இழப்பதன் அடையாளம். வேகத்தைக் குறைத்து, வண்டிகளை நிறுத்தும் பிட்டுக்குத் திரும்பலாம் என்று முடிவு செய்து, அந்தச் சுற்றை முடிக்க வந்துகொண்டிருந்தபோதுதான் பெடல் உள்ளே போனது. அது ஆயில் கொதித்ததன் அடையாளம். மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து, பெடலைப் பம்ப் செய்து, முடிந்த அளவு வேகத்தை இறக்கினேன். இரண்டு கோளாறுக்கும் உங்கள் பேக்கேஜில் தனித்தனிப் பொருள் இருந்தது. இரண்டுமே தோற்றன.

உங்கள் பதிலில் திருப்தி இல்லாததால் வேறொரு பணிமனையில் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ஆயிலை எடுத்து, கொதிநிலையை நேரடியாக அளக்கும் கருவியில் வைத்தார்கள். 170 டிகிரி காட்டியது. டாட் 5.1 தரம் என்றால் புதிய ஆயில் குறைந்தது 260 டிகிரி வரை தாங்க வேண்டும். டாட் 4 என்றால் 230. பழைய டாட் 3-கூட புதிதாக இருந்தால் 205. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, சரி. ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில்கூட டாட் 5.1-க்கு 180 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. மூடிய குழாய்க்குள் இருக்கும் புது ஆயில் மூன்று வாரத்தில் அவ்வளவு தண்ணீர் குடிக்காது. ஒன்று, எப்போதோ திறந்து வைத்த டின்னிலிருந்து ஊற்றியிருக்கிறீர்கள். அல்லது மேல் டப்பாவில் மட்டும் புதிதாக விட்டுவிட்டு, காலிப்பரில் இருந்த பழையதை ஏர் எடுத்து வெளியேற்றாமல் விட்டிருக்கிறீர்கள். இரண்டில் எது என்று வேலை செய்தவருக்குத்தான் தெரியும். டின்னைக் காட்டுங்கள் என்று டெலிவரி எடுத்த அன்றே கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டோம் என்றார்கள்.

அடுத்தது பேடு. உங்கள் பில்லிலும் விலைப்பட்டியலிலும் இந்தப் பேடுக்கு ‘ஜிஜி’ என்ற உராய்வுக் குறியீடு போட்டிருக்கிறீர்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் பிடிமானம், இரண்டாவது எழுத்து அதிகச் சூட்டில் பிடிமானம். ஜி என்றால் உராய்வு எண் 0.45-க்கு மேல். கழற்றிய பேடின் ஓரத்தில் அச்சாகியிருப்பது ‘எஃப்இ’. அதாவது சாதாரணமாக 0.35 முதல் 0.45 வரை, சூடானால் 0.25 முதல் 0.35 வரை. சூடானால் பிடிமானம் குறையும் என்று பேடே தன் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறது! தினமும் அலுவலகம் போய்வர இது நல்ல பேடாகவே இருக்கலாம், அதன் மேல் எனக்குக் கோபமில்லை. அதை எடுத்து டிராக் பேடு என்ற அட்டைப்பெட்டியில் வைத்து விற்றது யார் என்பதுதான் கேள்வி.

ஹோஸ் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலுக்கு பில் போட்டிருக்கிறீர்கள், முன்னால் இரண்டுதான் மாற்றியிருக்கிறது. பின்னால் கம்பெனி ரப்பர் ஹோஸ் அப்படியே இருக்கிறது, அதன் மேல் இருந்த பழைய மண்ணோடு.

உங்கள் தரப்பில் தொலைபேசியில் சொன்ன காரணங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பேடு சரியாக பெட்-இன் ஆகியிருக்காது என்றார்கள். அதைச் செய்து தருவதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினீர்கள், பில்லில் தனி வரியாகவே இருக்கிறது. ஓட்டத் தெரியாமல் ஓட்டியிருப்பீர்கள் என்றார்கள். அன்று என்னோடு ஓடியவர்களும் என்னைப் போன்ற வார இறுதி ஓட்டுநர்கள்தான், பலருடைய வண்டி என்னுடையதைவிட வேகமானது. நான் ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட்டுத்தான் பிட்டுக்குள் வந்தேன், நிறுத்தியபின், சூடான பிரேக் ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று ஹேண்ட்பிரேக்கும் போடவில்லை. கடைசியாக, டிராக்கில் ஓட்டினால் வாரண்டி கிடையாது என்றார்கள். டிராக்குக்கு என்று பெயர் வைத்து, அதற்கு என்று அதிக விலை வாங்கி, டிராக்கில் ஓட்டினால் பொறுப்பில்லை என்றால் நான் வாங்கியதுதான் என்ன?

டிராக் டே அன்று காலையில் வண்டியைப் பரிசோதிப்பார்கள். ஹெல்மெட், சீட் பெல்ட், டயர், ஆயில் ஒழுகல், பிரேக் லைட், பேட்டரி கட்டு, எல்லாம் பார்ப்பார்கள். காலிப்பருக்குள் இருக்கும் ஆயில் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று அந்த வரிசையில் நின்று யாரும் பார்க்க முடியாது. பொருத்தியவர் சொன்னதை நம்பித்தான் பரிசோதகரும் விடுகிறார், ஓட்டுபவரும் மிதிக்கிறார். பின்னால் வருகிறவரும் என் பிரேக் வேலை செய்யும் என்று நம்பித்தான் வருகிறார். அன்று எனக்கு முன்னால் கல்லூரி முடித்த வயதில் ஒரு பையன் பழைய பாலியோவில் போய்க்கொண்டிருந்தான். நான் புல் பக்கம் திருப்ப முடியாமல் போயிருந்தால் அவன் கதவில்தான் இடித்திருப்பேன். இதை நினைக்காமல் என்னால் இந்தக் கடிதத்தை எழுத முடியவில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது பணத்தை அல்ல. இதே பேக்கேஜை எத்தனை பேருக்கு விற்றிருக்கிறீர்கள் என்று உங்கள் பில் புத்தகத்தில் இருக்கும். அவர்கள் ஒவ்வொருவரையும் இந்த வாரமே அழைத்து, பேடின் ஓரக் குறியீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், ஆயிலை உங்கள் செலவில் மாற்றிக் கொடுங்கள். அதுவரை டிராக்குக்குப் போக வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு அடுத்த மாதம் போகப்போவதாக உங்கள் கடையிலேயே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வண்டியிலும் இதே பெட்டிதான் ஏறியது.

எனக்குரியதைப் பொறுத்தவரை, பேக்கேஜ் தொகை 42,000 ரூபாயும், ரேடியேட்டர், பம்பர், டிங்கரிங், பெயிண்டிங், டோ செலவு சேர்த்து 31,600 ரூபாயும் திருப்பித் தர வேண்டும். எந்த டின்னிலிருந்து ஆயில் ஊற்றினீர்கள், பேடை எங்கிருந்து வாங்கினீர்கள் என்பதற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். பேடு தவறு என்று உங்களுக்கே தெரியாமல் சப்ளையர் உங்களை ஏமாற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள், அந்தத் தகவலும் மற்றவர்களுக்குத் தேவை.

கழற்றிய பேடுகள், மீதி ஆயில், கொதிநிலை அளவீட்டின் படம், உங்கள் பில், விலைப்பட்டியல் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பில் நகலையும் படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பேடுகளைத் திருப்பிக் கொடுத்தால் பேசலாம் என்றார் உங்கள் கடை மேலாளர். கொடுக்க மாட்டேன், வந்து பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் சேவைக் குறைபாடு, பொருள் குறைபாடு இரண்டுக்கும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். மற்ற வாடிக்கையாளர்களை எச்சரிப்பதற்கு மட்டும் அந்த 15 நாள் பொருந்தாது. அதை நாளைக்கே தொடங்குங்கள். பதிலைத் தொலைபேசியில் சொல்ல வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குரோம்பேட்டை, சென்னை.