முதலில் கேள், பிறகு சொல்

சுங்கை சூமுன், பேராக்

அன்பு மகள் மாலதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நிறுவனத்தின் கடல் காற்றாலைத் திட்டத்தை விளக்கப் போன மீனவர் கூட்டத்தில் உன்னைப் பேசவிடாமல் கூச்சலிட்டார்கள் என்பதைத் தம்பி சொல்லித்தான் அறிந்தோம். அதை விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் கடைசியாகப் பேசியபோது, காற்றாலையை எதிர்ப்பவர்கள் விவரமற்றவர்கள் என்று ஒதுக்கிவிட்டாயே, அதுதான் மனத்தில் தங்கிவிட்டது.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஒரே வகை இல்லை, அம்மா. நீ இருக்கும் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலேயே, தம் கோல்ஃப் திடலிலிருந்து தெரியும் கடலழகு கெட்டுவிடும் என்று 11 காற்றாலைகளுக்கு எதிராக வழக்காடிய டிரம்ப், 2015இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவருடையது கண்ணுக்கு வந்த கவலை. இலங்கையின் மன்னார் தீவில் நம் மக்கள் காற்றாலைகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியதோ, மீன்பாடு என்னாகும், மழைநீர் எந்த வழியாக வடியும் என்ற பிழைப்புக் கவலையால். இருவருக்கும் ஒரே பதிலா?

கோபன்ஹேகன் கடலில் 27 காற்றாலைகளை மூன்று வரிசையாக நிறுத்தவிருந்தவர்கள், மக்கள் குறைகூறிய பிறகு 20ஆகக் குறைத்து ஒரே வளைவாக அமைத்ததையும், அவற்றில் பாதி, மக்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமாக அமைந்தது என்பதையும் நீதான் படம் காட்டி எனக்கு விளக்கினாய். அன்று எனக்கிருந்த பெருமையைக் கடைத்தெருவில் சொல்லாத ஆளில்லை. அதே வாய்தானா இப்படிப் பேசுகிறது?

நம் தோட்டத்தை நினைத்துப் பார். ரப்பரை அழித்துச் செம்பனை நடப்போவது, பாட்டி பால் வெட்டிய நிரையில் மரத்துக்கு மரம் சிவப்புச் சாயம் பூசிய அன்றுதான் லயத்துக்குத் தெரிந்தது; தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்த எனக்கே முன்கூட்டிச் சொல்லவில்லை. செம்பனையில் வருமானம் அதிகம் என்பதைப் பாட்டியும் மறுக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

ஆகவே, முடிவான வரைபடத்தோடு போய் நிற்காதே. எந்தப் பக்கம் வலை விரிக்கிறார்கள், எந்த மாதத்தில் படகு எங்கே போகும் என்று முதலில் கேள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேள். கோபமாகப் பேசினாலும் கேள்; ஆனால் கைகலப்பாகும் போலிருந்தால் எழுந்து வந்துவிடு, வேலை கிடக்கட்டும்.

அடுத்த கூட்டம் என்றைக்கு, உன் மேலதிகாரியும் உடன் வருகிறாரா, இம்முறையும் உன்னைத் தனியாகத்தான் அனுப்புகிறார்களா என்பதை மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அப்பா