சாலைத் தெருவுக்கு ஒரு குரல் வேண்டும்

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மைனிக்கு முட்டுவலி குறைந்து, கோயிலுக்கு நடந்து போய் வருகிற அளவுக்குத் தேறியிருக்கிறாள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை தாராளமாகப் பெய்தது, காற்று மட்டும் அடிக்காமல் இருந்ததால் வாழை தப்பித்தது. பேத்தி திருவனந்தபுரத்தில் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில் நானும் அடிக்கடி பஸ் ஏறிவிடுகிறேன். இந்தக் கடிதமே அந்த ஊரைப் பற்றியதுதான், அதிலும் அங்கே இருக்கிற சாலைத் தெரு என்ற பழைய சந்தைத் தெருவைப் பற்றி. கடைசியில் உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பேத்தி என் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டு கிழக்கேகோட்டையில் நின்றால், நாம் நிற்கிற இடம் அதற்கே தெரிந்து அங்கத்திய கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நடந்தால் அடுத்த கதை. ஆடியோ கைடு என்கிறார்கள். மியூசியங்களில் இது பழைய ஏற்பாடுதான். 1952-லேயே ஆம்ஸ்டர்டாமில் ஸ்டெடலிக் மியூசியத்தில் ரேடியோ அலை வழியாகப் பார்க்க வருகிறவர்களின் காதில் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அப்போது எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் ஒரே பேச்சு, கூட்டம் முழுக்கச் சேர்ந்தே நகர வேண்டும். இப்போது அவரவர் இஷ்டத்துக்கு நிற்கலாம், நடக்கலாம், வெயில் ஏறினால் ஒரு நாரங்கா வெள்ளம், அதுதான் எலுமிச்சை ஜூஸ், குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து கேட்கலாம். நம்மைப் போன்ற வயசுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கோட்டைப் பகுதியை அது நன்றாகவே சொல்கிறது. பழவங்காடி கணபதி கோயிலில் ஆரம்பம். நாம் எத்தனை தடவை அங்கே தேங்காய் உடைத்திருக்கிறோம்! அந்தக் கோயிலைப் பராமரிப்பது ராணுவம் என்பது அப்போதே நமக்குத் தெரியும், ஆனால் திருவிதாங்கூர் நாயர் படை கும்பிட்ட பிள்ளையார் இந்திய ராணுவத்தின் கைக்கு வந்து சேர்ந்த வழியை ஒருவர் நிதானமாகச் சொல்லக் கேட்டது இதுதான் முதல் தடவை. அப்புறம் நேரே நடந்தால் ஏழு நிலைக் கோபுரம். 1750-ல் திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மா ராஜ்யத்தையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதன்பின் சுவாமியின் தாசனாக இருந்து ஆண்ட கதை. அந்தக் கதையைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு விதமான அனுபவம். கோயிலுக்குள் போன் கொண்டுபோக முடியாது, அங்கே இந்தக் கருவிக்கு வேலை இல்லை. அதுவும் நல்லதுதான். கும்பிடப் போகிற இடத்தில் காதில் பேச்சு எதற்கு?

மேத்தன் மணியைப் பற்றி விரிவாக எழுதியே ஆக வேண்டும். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே கட்டிடத்தின் உச்சியில் இருக்கிற அந்தக் கடிகாரம், சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தது. சின்ன வயசில் அதன் அடியில் வாய் பிளந்து நின்றவர்கள் நாம். இந்தத் தடவை பத்து மணிக்குச் சரியாக அங்கே போய் நின்றேன். காதில் ஒரு பெண் குரல் அதன் பொறியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தது. மணி அடிக்கத் தொடங்கியதும் நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன். தாடிக்காரர் வாயைத் திறக்கிறார், இரண்டு பக்கமும் இருக்கிற ஆடுகள் பாய்ந்து வந்து அவர் கன்னத்தில் முட்டுகின்றன, வாய் மூடுகிறது. மறுபடி திறக்கிறது, மறுபடி முட்டு. ஒவ்வொரு அடிக்கும் இப்படியே. பக்கத்தில் ஒரு சின்னப் பையன் ‘பத்து’ வரைக்கும் உரக்க எண்ணினான். அவனோடு அவன் அம்மாவும் எண்ணினாள். எந்தப் பதிவும் அதைக் கொடுக்க முடியாது. அதிலிருந்து நான் ஒரே காதில்தான் மாட்டிக்கொள்கிறேன். இன்னொரு காது தெருவுக்கு. நீயும் எந்த ஊரிலாவது இப்படி நடந்து பார்ப்பதென்றால் அப்படியே செய். பின்னால் வருகிற ஆட்டோவின் ஹாரனும் காதில் விழும்.

பக்கத்திலேயே குதிரைமாளிகை. கூரைச் சரிவின் கீழே வரிசையாக 122 மரக்குதிரைகள். சுவாதித் திருநாள் கட்டிய மாளிகை அது. அவர் பிறந்தது 1813, காலமானது 1846. முப்பத்துமூன்று வயசு. அதற்குள் எத்தனை கீர்த்தனங்கள்! ஒவ்வொரு ஜனவரியிலும் அந்த மாளிகை முற்றத்தில் அவர் பெயரில் நடக்கிற கச்சேரிகளுக்கு ஒரு வருஷமாவது நாம் சேர்ந்து போக வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை வாசலைத் தாண்டிச் சாலைத் தெருவுக்குள் நுழைந்தால் அந்த ஆப் மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. பழைய சந்தை, எல்லாம் மலிவாகக் கிடைக்கும், பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். எனக்கு ஆறவே இல்லை. திருவிதாங்கூரைத் தர்மராஜா ஆண்ட காலத்துத் திவான் ராஜா கேசவதாஸ் ஏற்படுத்திய சந்தை. கோட்டையிலிருந்து ஆரியசாலை வழியாகக் கிள்ளிப்பாலம் வரை இத்தனை காலமாகத் தலைநகரத்துக்குச் சோறு போட்ட தெரு. அங்கே தமிழில் பேரம் பேசலாம், மலையாளத்தில் பேசலாம், இரண்டையும் கலந்தும் பேசலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இன்றைக்கும் தோவாளைப் பூ அங்கே போய் இறங்குகிறது. அந்தத் தெருவில் பாத்திரக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துக்கொண்டே, எதிரே நடமாடிய சுமட்டுக்காரர்களையும் கடைச் சிப்பந்திகளையும் கதைகளில் எழுதிய ஆ. மாதவனுக்கு 2015-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2021 ஜனவரியில் போய்விட்டார். தெருவின் கதையைச் சொல்ல வந்தவர்கள் அவர் பெயரை ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

நவராத்திரியை எடுத்துக்கொள். நம் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மன் யானை மேல் புறப்படுகிறாள், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடச் சேருகிறார்கள். களியக்காவிளையில் இரண்டு மாநிலத்துப் போலீசும் அணிவகுத்து மரியாதை செய்ய எல்லை கடக்கிறார்கள். திருவனந்தபுரம் சேர்ந்ததும் சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில். குமாரசுவாமி இருப்பது எங்கே? சாலைக்காரர்களின் ஆரியசாலைக் கோயிலில். முன்னுதித்த நங்கை செந்திட்டைக் கோயிலில். அந்த ஒன்பது நாளும் நம் சாமிகள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ல் நம் கன்னியாகுமரிப் பக்கத்துத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன, அது நாம் போராடி வாங்கியது. அதற்குப் பிறகும் இந்தப் பயணம் நிற்கவில்லை. இதைச் சாலையில், ஆரியசாலைக் கோயில் முன்னால் நின்றுதான் சொல்ல வேண்டும். மண்டபத்து வாசலில் சரஸ்வதியைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் பாதிக் கதைதான்.

அமெரிக்காவில் அல்காட்ராஸ் என்று ஒரு தீவுச் சிறை, இப்போது பார்வையாளர்கள் போகிற இடம். அங்கே காதில் கேட்கிற பதிவில் பேசுவது அங்கே வேலை பார்த்த காவலர்களும் அடைபட்டிருந்த கைதிகளுமே. கதவு சாத்துகிற சத்தத்தோடு அவர்களே சொல்கிறார்களாம். இதைப் படித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நீ சாலையில் மொத்தக் கடையில் கணக்கு எழுதினாயே! விடியுமுன் லாரி வந்து நிற்பது, சுமட்டுக்காரர்கள் மூட்டையைத் தலைக்கு மாற்றும்போது போடுகிற சத்தம், முதலாளி விலையை வாயால் சொல்லாமல் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொன்னது, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் ஏறினால் அரிசி மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றியது. லீவுக்கு வரும்போது குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து ராத்திரி முழுக்கச் சொல்லுவாய். அதெல்லாம் இப்போது எவனுக்குத் தெரியும்?

கேட்க வந்த காரியம் இதுதான். நீ அதைச் சொல்லு, நாங்கள் பதிவு செய்கிறோம். பேத்தியும் அவள் கூட்டுக்காரிகள் சிலரும் தமிழில் ஒரு சாலை நடை தயார் செய்ய ஆசைப்படுகிறார்கள். யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஒலிநடை போட்டுக்கொள்ள இலவசத் தளங்கள் இருக்கின்றன, அதனால் செலவு பெரிதாக இல்லை. ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், அந்த நெரிசலில் அதற்கு மேல் நிற்க முடியாது. கடைப் பெயரை அடையாளமாகச் சொன்னால் நாளைக்குக் கடை மாறிவிடும்; கோயில், முக்கு, பாலம் இவற்றை வைத்துச் சொல்ல வேண்டும். அந்த மாதிரிக் குறுகலான தெருவில் போன் காட்டுகிற இடம் பத்திருபது அடி தள்ளிப் போய்விடுகிறது, அதனால் தானாகப் பேசாமல் அந்தந்த நிறுத்தத்தின் எண்ணை நாமே அமுக்கிக் கேட்கிற மாதிரி வைப்பதுதான் சரி என்கிறாள் பேத்தி. எழுதி வைத்து வாசிக்காதே. திண்ணையில் எனக்குச் சொல்லுகிற மாதிரி, நம் பேச்சிலேயே சொல்லு. நடுவில் இருமினாலும் இருக்கட்டும்.

முதலில் அங்கிருந்தே போனில் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பு. எதை எந்த முக்கில் வைப்பது என்று நானும் பேத்தியும் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்கிறோம். புரட்டாசியில் சாமி புறப்பாட்டுக்கு வந்தாயானால் இன்னும் நல்லது. கூடவே பஸ் ஏறி ஆரியசாலை வரை போய், மீதியை அங்கே வைத்தே பதிவு செய்துவிடலாம். மைனியையும் கூட்டிக்கொண்டு வா. நம் வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, படி ஏற முடியாவிட்டால் கீழே ஏற்பாடு செய்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லு.

உன் பழைய கூட்டுக்காரன்